தொட்டபெட்டா அணைந்த எரிமலையா? ரியூனியன் தீவின் எரிமலையும் நம்ம மலையும்

பதிவு 1 | கோத்தகிரி டீச்சர்

எல்லோருக்கும் வணக்கம். அரசுப் பள்ளியில் ஏழாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். பிள்ளைகளைத் தொட்டபெட்டாவுக்குக் கூட்டிப்போயிருந்தோம். பக்கத்தில் வேறொரு கூட்டத்துக்கு மலையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்த ஒருவர், "இது அணைஞ்சுபோன எரிமலைங்க, ஊட்டி ஏரி இருக்கே, அதுதான் எரிமலையோட வாய்" என்றார். எங்கள் பிள்ளைகளில் பாதிப்பேர் அதை நோட்டில் எழுதிக்கொண்டு வந்துவிட்டார்கள். ஊட்டி ஏரி 1820-களில் கலெக்டர் ஜான் சல்லிவன் ஓடைகளை மறித்து உண்டாக்கியது என்று அங்கேயே சொல்லிவிட்டேன். உடனே ஒரு பெண் கேட்டாள்: "ஏரி சரி டீச்சர், மலை எரிமலை இல்லைன்னு எப்படித் தெரியும்?" புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது என்று சொல்லி அவளை உட்கார வைக்க எனக்கு மனம் வரவில்லை.

வீட்டுக்கு வந்து தேடினேன். இந்தியப் பெருங்கடலில், மடகாஸ்கருக்குக் கிழக்கே, ரியூனியன் என்று ஒரு பிரெஞ்சுத் தீவு இருக்கிறது. அங்கே பித்தோன் தெ லா ஃபூர்னேஸ் என்ற எரிமலை இன்றைக்கும் குழம்பு கக்கிக்கொண்டிருக்கிறது. உயரம் 2,632 மீட்டர். நம் தொட்டபெட்டா 2,637. ஐந்தே மீட்டர்தான் வித்தியாசம்! இரண்டிலும் மேகம், இரண்டிலும் குளிர், இரண்டிலும் அடைமழை. ஒன்று எரிகிறது, மற்றது எரியவில்லை. இந்த இரண்டு மலைகளையும் அடுத்தடுத்து வைத்துப் பாடம் நடத்த ஆசை. பாறை தெரிந்தவர்கள், அந்தத் தீவைப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள்.

பதிவு 2 | குன்னூர் கல்லாய்வாளர்

டீச்சர், வணக்கம். நிலவியல் வேலையிலிருந்து ஓய்வுபெற்றவன் நான். அந்தப் பெண்ணுக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள். அவள் கேட்டதற்குப் பதில் மலையிலேயே கிடக்கிறது.

ரோட்டை அகலப்படுத்த வெட்டிய இடங்களில் புதிதாக உடைந்த பாறை தெரியும். ஒரு துண்டை எடுத்து வெயிலில் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். நீலம் கலந்த சாம்பல் நிறம், எண்ணெய்ப் பசையான ஒரு மினுக்கு. அதிலுள்ள மணிகள் வெறும் கண்ணுக்கே தனித்தனியாகத் தெரியும். சில துண்டுகளில் கருஞ்சிவப்பில் கார்னெட் மணிகள் பதிந்திருக்கும். இந்தப் பாறைக்குச் சார்னோக்கைட் என்று பெயர். கல்கத்தாவில் இருக்கும், கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னோக்கின் கல்லறைக் கல் இந்த வகை. அதை வைத்துத்தான் நிலவியலாளர் டி. எச். ஹாலந்து 1893-ல் இந்தப் பெயரைக் கொடுத்தார். பரங்கிமலை, பல்லாவரம் பாறையும் இதே இனம்தான்.

எரிமலைக் குழம்பு வெளியே வந்ததும் சட்டென்று ஆறிவிடும். மணிகள் வளர நேரம் கிடைக்காது. அதனால் அந்தக் கல் கறுப்பாக, நுண்ணியதாக, உள்ளிருந்த வாயு தப்பிய பொத்தல்களோடு இருக்கும். நம் பாறை அப்படி இல்லை. பூமிக்குள் 20 கிலோமீட்டருக்கும் கீழே, 700, 800 டிகிரி வெப்பத்தில், தாங்கமுடியாத அழுத்தத்தில் நெடுங்காலம் கிடந்து மாறிய பாறை. அதில் ஒரு பொத்தலைக்கூடக் காட்ட முடியாது. நீலகிரிப் பாறையின் வயது ஏறக்குறைய 250 கோடி ஆண்டு.

அத்தனை ஆழத்தில் கிடந்தது எப்படி மேலே வந்தது என்று அடுத்த கேள்வி வரும். மேலே மூடியிருந்த பாறையெல்லாம் கோடிக்கணக்கான ஆண்டு மழையில் அரித்துப்போனது ஒரு பாதி. இன்னொரு பாதி, வடக்கே மாயாறு, தெற்கே பவானி. இந்த இரண்டு பள்ளத்தாக்குகளும் நிலம் பெரிய அளவில் அறுந்து நகர்ந்த கோடுகள். நடுவில் இருந்த பாளம் அப்படியே உயர்ந்து நின்றுவிட்டது. மேட்டுப்பாளையத்திலிருந்து பார்த்தால் மலை செங்குத்தாக எழுந்து, மேலே போனதும் அலையலையான மேட்டுநிலமாக விரிகிறதே, காரணம் அதுதான். எரிமலையாக இருந்தால் வாயிலிருந்து நாலாபக்கமும் சரிந்து இறங்கியிருக்கும்.

ஆனாலும் அந்த ரியூனியன் எரிமலைக்கும் இந்தியாவுக்கும் ஓர் உறவு உண்டு, நமக்கு வடக்கே. சுமார் 6.6 கோடி ஆண்டுக்கு முன் இன்றைய மகாராஷ்டிரப் பகுதியில் பூமி பிளந்து குழம்பு வெள்ளமாகப் பாய்ந்தது. இன்றைக்கும் சுமார் 5 லட்சம் சதுர கிலோமீட்டரில் அந்தக் கறுங்கல் படிந்து கிடக்கிறது. மகாபலேஷ்வர் பக்கம் அடுக்கடுக்காக ஒரு கிலோமீட்டருக்கும் மேல் கனம். அந்தக் குழம்பை மேலே தள்ளிய வெப்ப ஊற்று பூமியின் ஆழத்தில் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கிறது, அதற்கு மேலே இந்தியத் தட்டு வடக்கே நகர்ந்துகொண்டே வந்தது என்பதுதான் பெரும்பாலான நிலவியலாளர்கள் ஏற்கும் விளக்கம். பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டுமானால், தணலுக்கு மேல் அப்பளத்தை மெல்ல நகர்த்தினால் வரிசையாகக் கருகுமே, அதைச் சொல்லுங்கள். அப்படி விழுந்த தடம்தான் லட்சத்தீவு, மாலத்தீவு, சாகோஸ் தீவுகளுக்கு அடியில் கிடக்கும் எரிமலைத் தொடர். பிறகு மொரீஷியஸ். இப்போது அந்தத் தணலுக்கு நேர்மேலே இருப்பது ரியூனியன்.

அந்தக் குழம்பு தெற்கே பெல்காம் பக்கத்தோடு நின்றுவிட்டது. நீலகிரிக்கு வரவில்லை, பழனி மலைக்கும் வரவில்லை.

பதிவு 3 | லவ்டேல் வேன்

ஐயா எழுதினதை ரெண்டு தடவை படிச்சேங்க. நான் சைட் சீயிங் வண்டி ஓட்டுறேன். தொட்டபெட்டா ஜங்ஷன்ல இருந்து மேல ஏர்றதுக்குள்ள பார்ட்டிகிட்ட பேசக் கிடைக்கிறது ரெண்டு மூணு நிமிஷம். 'எரிமலை'ன்னு சொன்னா எல்லாரும் போனை எடுத்து ஜன்னலுக்கு வெளிய நீட்டுறாங்க. 'சார்னோக்கைட்'னு சொன்னா கேப்பாங்களான்னு தெரியல.

டிரைவருங்க யாரும் பொய் சொல்லணும்னு சொல்றதில்லைங்க டீச்சர். மூத்தவங்க சொன்னதைக் கேட்டுத்தான் சின்னவங்க சொல்றாங்க. எங்க கையில யாரும் எழுதிக் கொடுத்ததில்லை. ஐயா நாலு வரி எழுதிக் கொடுத்தா எங்க ஸ்டாண்டுல ஒட்டி வைக்கிறேன், எல்லாரையும் அதையே சொல்ல வைக்கிறது என் பொறுப்பு.

பதிவு 4 | குன்னூர் கல்லாய்வாளர்

தம்பி, இதைவிட நல்ல பேச்சை நான் சமீபத்தில் கேட்டதில்லை. இந்தாங்க:

"நீங்க நிக்கிற பாறை பூமிக்குள்ள 20 கிலோமீட்டர் ஆழத்துல உருவானது. டைனோசர் பிறக்கறதுக்கு 200 கோடி வருஷத்துக்கும் முன்னாடியே இந்தக் கல்லு இருந்துச்சு. இமயமலை எழும்ப ஆரம்பிச்சே 5 கோடி வருஷம்தான் ஆச்சு. அவ்வளவு ஆழத்துல இருந்த கல்லு இன்னைக்கு மேகத்துக்குள்ள நிக்குது."

இதைச் சொல்லிப் பாருங்கள். போனை எடுக்கிறார்களா இல்லையா என்று எழுதுங்கள்.

பதிவு 5 | தாம்போன் அக்கா

இந்த இழையை என் தங்கை அனுப்பி வைத்தாள். நான் பிறந்து வளர்ந்தது குன்னூரில். புதுச்சேரிக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு இப்போது இருப்பது ரியூனியனில், லெ தாம்போன் ஊரில். நீங்கள் பேசுகிற எரிமலைக்குப் போகும் ரோடு எங்கள் ஊர் வழியாகத்தான் ஏறுகிறது. டீச்சர், உங்களுக்கு எவ்வளவு வேண்டுமானாலும் சொல்கிறேன்.

முதலில் ஒன்று. இந்தத் தீவில் மலை இரண்டு. பெரியது பித்தோன் தெ நேழ், 3,070 மீட்டர், இந்தியப் பெருங்கடலிலேயே உயர்ந்த சிகரம். அது பல ஆயிரம் ஆண்டாக ஓய்ந்து கிடக்கிறது. அதைச் சுற்றி மஃபாத், சலாசி, சிலாவோஸ் என்று மூன்று பெரும் பள்ளங்கள். மஃபாத்துக்கு ரோடே கிடையாது, நடக்க வேண்டும், இல்லாவிட்டால் ஹெலிகாப்டர். சலாசியில் பந்தல் போட்டுச் சௌசௌ வளர்க்கிறார்கள். முதன்முதலாகப் பார்த்தபோது கோடைக்கானல் மலையடிவாரத்தில் நிற்கிற நினைப்பே வந்தது எனக்கு. இளையது ஃபூர்னேஸ், வயது சுமார் 5 லட்சம் ஆண்டு.

தாம்போனிலிருந்து மேலே ஏறினால் மாடு மேயும் பச்சைப் புல்வெளி, வேலியோரம் பனி, வழியில் பூர்-முரா. எரிமலையைக் கண்காணிக்கும் ஆய்வு நிலையம் அங்கேதான் இருக்கிறது. 1977-ல் குழம்பு ஓர் ஊருக்குள் இறங்கியதற்குப் பிறகு, 1979-ல் அமைத்தார்கள். அதைத் தாண்டி இன்னும் ஏறினால் ஒரு திருப்பத்தில் பச்சை அறவே நின்றுவிடும். கீழே செம்பும் கறுப்புமாகச் சரளை விரிந்த மைதானம், ஒரு மரம் இல்லை. அதைக் கடந்தால் பெல்கோம்ப் விளிம்பு. அங்கிருந்து சுவரோரமாக நூற்றுக்கணக்கான படி இறங்கினால் எரிமலையின் உள்முற்றம். நடக்கும் வழியைப் பாறைமேல் வெள்ளைப் பெயின்ட் புள்ளியால் காட்டியிருப்பார்கள். மூடுபனி வந்துவிட்டால் அடுத்த புள்ளி கண்ணுக்குத் தெரிந்த பிறகுதான் காலை எடுத்து வைக்க வேண்டும்.

தரையைக் குனிந்து பாருங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்வேன் நான். சில இடத்தில் குழம்பு சுருண்டு மடிந்து, மேல்தோல் வழவழவென்று இறுகியிருக்கும். பத்தடி தள்ளி அதே குழம்பு கிழிந்து, உடைந்து, கூர்கூராக நிற்கும். கையை ஊன்றினால் தோல் கிழியும், செருப்பு தாங்காது. பொத்தல் நிறைந்த துண்டைத் தூக்கினால் கல்லுக்குரிய கனமே இருக்காது. ஐயா சொன்ன வித்தியாசத்தைக் கையே சொல்லிவிடும்.

குழம்பு வரும்போது மலையே வெடித்துச் சிதறும் என்று ஊரில் எல்லோரும் நினைக்கிறார்கள். என் அம்மா இன்றைக்கும் போனில் அதைத்தான் கேட்பார். இங்கே அப்படி நடப்பது மிக அபூர்வம். குழம்பு நீர்த்தது, வாயு எளிதில் வெளியேறிவிடும். உள்முற்றத்தில் எங்காவது நிலம் நீளமாகப் பிளக்கும், நெருப்பு ஊற்றாக எழும், சில நாளோ சில வாரமோ ஓடி நின்றுவிடும். அந்த முற்றம் கிழக்கே கடலைப் பார்த்துத் திறந்திருக்கிறது. அந்தச் சரிவில் ஊர் கிடையாது. நிலம் அதிர ஆரம்பித்தால், மலை வீங்குவதைக் கருவி காட்டினால், அரசு நிர்வாகம் உடனே நடைபாதையை மூடிவிடும். அதற்குப் பிறகு தூரத்து விளிம்பிலிருந்துதான் பார்க்கலாம். ராத்திரி தீவு முழுக்கக் கிளம்பி வரும். சோறு, அவரை, கறி எல்லாம் சட்டியோடு கட்டிக்கொண்டு, கம்பளி போர்த்திய பாட்டிகள் முதல் கைக்குழந்தைகள் வரை குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருப்பார்கள். சத்தம் வந்து சேரக் கொஞ்சம் நேரமாகும். கடலலை மாதிரி தாழ்ந்த சத்தம் அது.

சில தடவை கட்டுக்கு அடங்காமலும் போயிருக்கிறது. 1977-ல் குழம்பு முற்றத்துக்கு வெளியே பிளந்துகொண்டு வந்து பித்தோன் சேன்த் ரோஸ் ஊருக்குள் இறங்கியது. ஜனங்களை முன்பே வெளியேற்றியதால் உயிர் தப்பியது. வீடுகள் போயின. மாதாகோவிலின் வாசல்வரை வந்த குழம்பு அங்கே இரண்டாகப் பிரிந்து சுற்றிப்போய் நின்றது. இன்றைக்கும் கறுங்கல் அந்தக் கோவிலைச் சூழ்ந்தே கிடக்கிறது. 1986-ல் தெற்கே வழிந்து கடலில் விழுந்து புது நிலம் உண்டாக்கியது. 2007 ஏப்ரலில் வந்ததுதான் பெரியது. உச்சியில் இருக்கும் தொலோமியூ பள்ளத்தின் தரை சில நாட்களுக்குள் 300 மீட்டருக்கும் மேல் உள்ளே இறங்கிவிட்டது. கடலோர நெடுஞ்சாலையைப் பல மீட்டர் கனத்துக்குக் குழம்பு மூடியது. மேலே ஆறினாலும் உள்ளே பல மாதம் சூடு இருக்கும். மழை பெய்தால் ரோட்டோரப் பாறையிலிருந்து ஆவி எழும்.

அந்த ரோட்டில் போனால் எந்தக் குழம்பு எந்த வருஷத்தது என்று பலகை வைத்திருப்பார்கள். பலகையைப் பார்க்காமலே ஓரளவு சொல்லலாம். புதியதில் ஒன்றும் இருக்காது. சில வருஷமானால் சாம்பல் நிறத்தில் கல்பாசி படரும். பிறகு இடுக்குகளில் பெரணி. இன்னும் பழையதில் மரக்கன்று. உயிர் எப்படி ஒரு கல்லில் ஏறுகிறது என்று வரிசையாகக் காட்டும் இடம் அது. உங்கள் வகுப்புக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள் டீச்சர்.

மழையும் சும்மா இல்லை. 2019 ஆகஸ்டில் நம் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 900 மில்லிமீட்டரைத் தாண்டியது என்று படித்துப் பதறினேன். இந்த எரிமலைச் சரிவில் இருக்கும் கொமெர்சோன் என்ற இடத்தில் 2007 பிப்ரவரியில், கமேத் புயலின்போது, மூன்று நாளில் 3,929 மில்லிமீட்டர். அது உலக சாதனை.

பதிவு 6 | பந்தலூர் வாசகன்

அக்கா, அங்கே நம்ம ஆட்கள் நிறைய இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நாங்கள் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பம். 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு தாத்தா இங்கே வந்து அரசுத் தேயிலைத் தோட்டத்தில் சேர்ந்தார். ஒரே ஊரிலிருந்து ஒரு அண்ணன் கண்டிக்கும் இன்னொரு அண்ணன் கரும்புத் தீவுக்கும் கப்பல் ஏறின கதையைப் பாட்டி சொல்வார். எரிமலைக்குக் கீழே குடியிருக்கும் அந்த ஜனங்களைப் பற்றிச் சொல்லுங்களேன்.

பதிவு 7 | தாம்போன் அக்கா

தம்பி, 1848 டிசம்பர் 20-ல் இந்தத் தீவில் அடிமை முறையை ஒழித்தார்கள். கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக ஏற்றி வந்தார்கள். 1860-ல் பிரிட்டிஷாரோடு ஒப்பந்தம் ஆனபிறகு பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்தும் ஆள் எடுத்தார்கள். கூலிகளை நடத்தும் விதம் சரியில்லை என்று 1882-ல் பிரிட்டிஷ் அரசே அதை நிறுத்தியது. அப்படி வந்தவர்களின் பேரன் பேத்திகள் இன்று இந்தத் தீவின் மக்கள்தொகையில் பெரிய பங்கு. ராமசாமி, வீரப்பிள்ளை என்ற பெயர்கள் குடும்பப் பெயராக நிலைத்துவிட்டன. வீட்டில் பேசுவது கிரியோல். தமிழ் பேச வராது. ஆனால் தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறார்கள், திரௌபதி அம்மனுக்குத் தீமிதிக்கிறார்கள். விரதம் இருக்கிற கண்டிப்பில் நம் ஊர்க்காரர்கள் இவர்களிடம் நிற்க முடியாது.

பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் நீலகிரி என்று சொன்னேன், தெரியவில்லை. தேயிலை மலை என்றேன், தெரியவில்லை. மாரியம்மன் கோவில் உண்டா என்று கேட்டார். ஊருக்கு ஊர் உண்டு என்றேன். அதற்குப் பிறகு என்னைத் தன் மகளாகவே நடத்துகிறார்.

பதிவு 8 | கேத்தி கேரட்

எல்லாம் சரிங்க, ஆனா எனக்கு ஒரு சந்தேகம் தீரல. எங்க தோட்டத்துல மேல் மண்ணு நல்லா கறுப்பா, பொலபொலன்னு, கையில எடுத்தா கனமே இல்லாம இருக்கும். ஒரு முழம் தோண்டினா அடியில செம்மண்ணு. இந்தக் கறுப்பு எரிமலைச் சாம்பல்தான்னு உர வியாபாரிங்க எல்லாம் சொல்றாங்க. எரிமலையே இல்லைன்னா இந்த மண்ணு எங்கிருந்து வந்துச்சு? அந்தத் தீவுலயும் எங்கப்பா காலத்துல இங்க போட்ட ஜெரேனியம் பயிர் இருக்குதாமே?

பதிவு 9 | குன்னூர் கல்லாய்வாளர்

இந்த இழையிலேயே எனக்கு மிகப் பிடித்த கேள்வி இதுதான். கேத்திக்காரர் மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்தே பேசுகிறார்.

உலகத்தில் கறுத்து, லேசாக, தண்ணீரை அதிகம் பிடித்து வைத்து, போட்ட மணிச்சத்தை (பாஸ்பரஸ்) பயிருக்கு விடாமல் இறுக்கிக்கொள்ளும் ஒரு மண்வகை உண்டு. பெரும்பாலும் எரிமலைச் சாம்பலிலிருந்துதான் உருவாகும். ஜப்பான், ஜாவா, ரியூனியன் எல்லாம் அப்படி. நீலகிரி மேட்டுநிலத்து மண்ணை ஆராய்ந்தவர்கள் 2000-த்தில் எழுதியது என்னவென்றால், இங்கே சாம்பலே இல்லாமல் அதே வகை மண் உருவாகியிருக்கிறது. பல லட்சம் ஆண்டு மழையில் கரைந்து நொந்துபோன செம்மண்ணில் அலுமினியம் மிஞ்சுகிறது. குளிர் அதிகமானதால் புல்லும் இலையும் முழுதாக மக்குவதில்லை. அந்த மக்கு அலுமினியத்தோடு பிணைந்துகொண்டு கறுப்பாக நிலைத்துவிடுகிறது. சோலையும் புல்வெளியும் சேர்ந்து, நெருப்பே இல்லாமல், எரிமலை மண்ணின் குணத்தை இங்கே உண்டாக்கியிருக்கின்றன. உங்கள் உர வியாபாரிக்கு மண்ணின் குணம் சரியாகவே தெரிந்திருக்கிறது, பிறப்பைத்தான் மாற்றிச் சொல்கிறார்.

ஒரு வேண்டுகோள். அந்தக் கறுப்பு மண் போனால் போனதுதான். சரிவுக்குக் குறுக்கே வரப்பு போடாமல் மேலிருந்து கீழாக பாத்தி பிடித்துக் கேரட் போடுகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. ஒரு பெருமழையில் மக்கு முழுவதும் ஓடைக்குப் போய், செம்மண் வெளியே தெரிகிறது. எரிமலைத் தீவில் குழம்பு புதுக்கல்லையாவது கொண்டுவந்து கொட்டுகிறது. நமக்குக் கொட்ட யாரும் இல்லை.

ஜெரேனியம் இருக்கிறது. இங்கே தைலத்துக்குப் பயிராகும் முக்கிய ரகத்துக்கே ரியூனியன் ரகம் என்றுதான் பெயர்.

பதிவு 10 | தாம்போன் அக்கா

தீவின் மேற்கு மேட்டில் இன்றைக்கும் ஜெரேனியம் வாலையில் வடிக்கிறார்கள், பழைய அளவுக்கு இல்லை. நீலகிரியில் நாம் திட்டுகிற சீகை மரமும், மஞ்சள் பூவோடு முள்ளாக மண்டும் கோர்ஸ் புதரும் இங்கேயும் மலை முழுக்கப் பரவி உள்ளூர்ச் செடிகளை அமுக்குகின்றன. இரண்டு மலைக்கும் பொதுவான தலைவலி.

பதிவு 11 | தாண்டிக்குடி காபி

பழனி மலை சார்பாக நானும் ஒன்று சொல்கிறேன். இந்தத் தீவுக்குப் பழைய பெயர் போர்போன். 1715-ல் பிரெஞ்சுக்காரர்கள் ஏமனிலிருந்து காபி நாற்று கொண்டுபோய் அங்கே நட்டார்கள். அந்த எரிமலை மண்ணில் வேறாகிவிட்ட ரகம்தான் போர்போன் அராபிகா. அது பிரேசிலுக்குப் போய், அங்கே குட்டையான கத்தூரா ஆகி, கத்தூராவைத் திமோர் என்ற கலப்பு ரகத்தோடு சேர்த்து கத்திமோர் ஆக்கி, அது இந்தியாவுக்கு வந்து காவேரி என்று பெயர் பெற்றது. என் தோட்டத்துக் கீழ்ப்பக்கம் பாதி காவேரிதான். அண்ணன் தம்பி பிரிந்து உலகத்தைச் சுற்றி வந்த மாதிரி ஒரு செடி. தண்டுத் துளைப்பான் வந்து காயும்போது அந்தச் செடிக்காக நான் படுகிற பாடு கொஞ்சமல்ல.

தூண் பாறையைப் பற்றி ஐயாவிடம் ஒன்று கேட்க வேண்டும். கோடைக்கானலில் அதுவும் எரிமலைக் குழம்பு உறைந்து நின்றது என்று சொல்கிறார்கள்.

பதிவு 12 | குன்னூர் கல்லாய்வாளர்

இல்லை. பழனி மலையும் பெரும்பகுதி சார்னோக்கைட்தான். பாறையில் நேர்குத்தாக விழுந்த விரிசல் வழியாக மழை இறங்கி அரித்து, நடுவில் மிஞ்சியவை தூணாக நிற்கின்றன. குழம்பு உறைந்த தூண் பார்க்க வேண்டுமானால் உடுப்பிக்குப் பக்கத்தில், மல்பே கடலோரத்திலிருந்து படகில் செயின்ட் மேரிஸ் தீவுக்குப் போங்கள். ஐங்கோண, அறுகோணத் தூண்கள் நெருக்கியடித்து நிற்கும். சுமார் 8.8 கோடி ஆண்டுக்கு முன், இந்தியாவிலிருந்து மடகாஸ்கர் பிரிந்த காலத்து எரிமலைப் பாறை அது.

பதிவு 13 | கொடை வானம்

கோடைக்கானலுக்கும் எரிமலைக்கும் ஒரு தொடர்பு நிஜமாகவே உண்டு. பாறையில் தேடினால் கிடைக்காது, வானத்தில் தேட வேண்டும். 1883 ஆகஸ்ட் 26, 27-ல் ஜாவாவுக்கும் சுமத்ராவுக்கும் நடுவில் கிரகடோவா வெடித்தது. செப்டம்பரில் இலங்கையிலும் சென்னையிலும் சூரியன் பச்சையாகவும் நீலமாகவும் எழுந்து மறைந்தது. வானில் ஏறிய தூசு ஏறக்குறைய ஒரே பருமனில் இருந்தால் சிவப்பை அதிகம் சிதறடித்துப் பச்சையையும் நீலத்தையும் விட்டுவிடும். மெட்ராஸ் வானாய்வு நிலையத்தில் நார்மன் பொக்சன் அதைப் பதிவு செய்தார். சென்னை கிறித்துவக் கல்லூரிப் பேராசிரியர் மிச்சி ஸ்மித் அந்தப் பச்சைச் சூரியனின் ஒளியை நிறமாலையாகப் பிரித்துப் பார்த்து எழுதினார்.

அதே மிச்சி ஸ்மித்தான் பிற்பாடு கோடைக்கானல் சூரிய ஆய்வகத்தின் முதல் இயக்குநர். சமவெளித் தூசுக்கு மேலே, 2,343 மீட்டரில். 1909-ல் எவர்ஷெட் என்ற வானியலாளர் சூரியக் கரும்புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டுபிடித்தது இங்கேதான். கொடைக்குச் சுற்றுலா வருகிற பிள்ளைகளை ஏரியில் படகு விட்டதோடு அனுப்பிவிடாமல் ஆய்வக அருங்காட்சியகத்துக்கும் கூட்டி வாருங்கள் டீச்சர்.

பதிவு 14 | லவ்டேல் வேன்

ஐயா எழுதினதைச் சேலம் பார்ட்டி ஒண்ணுகிட்ட சொன்னேங்க. வண்டியை ஓரமா நிறுத்தச் சொல்லி இறங்கிப் போய்ப் பாறையைத் தொட்டுப் பாத்தாங்க. ஒரு பெரியம்மா கும்பிட்டுட்டு வந்து ஏறினாங்க. ஸ்டாண்டுல ஒட்டியாச்சு.

இன்னொண்ணு. மழைக்காலத்துல எங்கியாவது நிலம் வெடிச்சா, 'நீலகிரில எரிமலை'ன்னு வாட்ஸ்அப்ல வருது. பார்ட்டிங்க பயந்து ரூமை கேன்சல் பண்றாங்க. அதுக்கு என்ன சொல்றது?

பதிவு 15 | குன்னூர் கல்லாய்வாளர்

எரிமலை வராது என்று உறுதியாகச் சொல்லுங்கள். இந்தியாவில் குழம்பு கக்கும் எரிமலை ஒன்றே ஒன்று, அந்தமானில் பாரன் தீவு. 19-ஆம் நூற்றாண்டில் ஓய்ந்து 1991-ல் மறுபடி விழித்தது. அங்கே ஆள் குடியில்லை.

ஆனால் பயமே வேண்டாம் என்று சொல்லாதீர்கள். நமக்கு ஆபத்து மண்சரிவு. பாறைமேல் கனமாகப் படிந்திருக்கும் மண் தண்ணீர் குடித்துக் கனம் ஏறுகிறது. கீழே சரிவை வெட்டி வீடும் ரோடும் போட்டிருக்கிறோம், ஓடை வழியை அடைத்திருக்கிறோம். 2009 நவம்பரில் குன்னூர், கேத்தி, கோத்தகிரிப் பக்கம் எத்தனை வீடு போனது, எத்தனை உயிர் போனது என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். சரிவில் புது விரிசல், சாய்ந்த மரம், கலங்கலாக மாறிய ஊற்று இவற்றைக் கண்டால் காத்திராமல் வெளியேறுங்கள், தாசில்தாருக்குச் சொல்லுங்கள். தாம்போன் அக்கா ஊரில் கருவி அசைந்ததும் நடைபாதையை மூடுகிறார்கள், 1977-ல் முன்கூட்டி ஊரைக் காலி செய்தார்கள். அந்த ஒழுங்கு நமக்கு வேண்டும்.

பதிவு 16 | கோத்தகிரி டீச்சர்

நான் எதிர்பார்த்ததைவிடப் பத்து மடங்கு கிடைத்திருக்கிறது. பாடம் இரண்டு வகுப்பாக நடத்தப் போகிறேன். முதல் நாள் இரண்டு மலையின் படத்தையும் கரும்பலகையில் ஒரே உயரத்தில் வரைவேன். இரண்டாம் நாள் பிள்ளைகள் கையில் இரண்டு கல்லைக் கொடுக்க வேண்டும். சார்னோக்கைட்டுக்குப் பஞ்சமில்லை. தாம்போன் அக்கா, அந்த எரிமலைக் கல் ஒரு சின்னத் துண்டு அனுப்ப முடியுமா? அந்தப் பெண் அதைத்தான் கேட்கிறாள்.

பதிவு 17 | தாம்போன் அக்கா

மனசு இருக்கிறது டீச்சர், ஆனால் முடியாது. எரிமலை தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது, 2010-ல் யுனெஸ்கோ உலக மரபிடமாகவும் அறிவித்தது. கல்லை எடுக்கக்கூடாது. நானே எடுத்து அனுப்பினால் பிள்ளைகளுக்கு எதைச் சொல்லிக் கொடுப்பீர்கள்? நடந்துகொண்டே வீடியோ எடுத்து அனுப்புகிறேன், பொத்தலைப் பக்கத்தில் காட்டுகிறேன். வகுப்பு நேரத்தைச் சொன்னால் நேரலையிலும் வருவேன். எங்களுக்கு உங்களைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால்.

பதிவு 18 | வெலிங்டன் அப்பா

டீச்சர், என் மகன் ராணுவத்தில், பெல்காமில் இருக்கிறான். குழம்பு அங்கே வரைக்கும் வந்தது என்று ஐயா எழுதியிருந்தாரே. தீபாவளி லீவுக்கு வரும்போது கல் கொண்டுவரச் சொல்லட்டுமா? எப்படிப்பட்ட கல் என்று மட்டும் சொல்லுங்கள்.

பதிவு 19 | குன்னூர் கல்லாய்வாளர்

அருமை. ரோடு போடும் ஜல்லிக் குவியலில் அவர்களிடம் கேட்டு எடுத்தாலே போதும். கைக்கு அடங்கும் அளவில் இரண்டு. ஒன்று பொத்தல் இல்லாமல் கறுப்பாக, புதிதாக உடைந்த பக்கம் தெரிய வேண்டும். இன்னொன்று பொத்தல் உள்ளது. பொத்தலுக்குள் வெள்ளையாக ஏதாவது நிரம்பியிருந்தால் அதைக் கழுவித் தேய்த்துவிட வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லுங்கள். அது பின்னால் தண்ணீரிலிருந்து படிந்த கனிமம், அதற்கே ஒரு வகுப்பு எடுக்கலாம். டீச்சர், அந்த நாளில் நானும் பள்ளிக்கு வரலாமா?

பதிவு 20 | கோத்தகிரி டீச்சர்

கட்டாயம் வாருங்கள் ஐயா. காலையில் இரண்டாவது பீரியட். தலைமை ஆசிரியரிடம் இன்றைக்கே சொல்லிவிடுகிறேன். லவ்டேல் தம்பி வண்டியோடு வந்தால் பிள்ளைகளை ரோடு வெட்டிய இடத்துக்கும் கூட்டிப்போகலாம்.